விலகி நிற்கும் வெளிச்சுவர்

கேள்வி: யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய, நடுவில் முற்றமுள்ள எங்கள் பழைய நாற்சார் வீட்டின் வெளிச்சுவர், குறுக்குச்சுவரிலிருந்து விரல் நுழையுமளவு விலகிவிட்டது. சீமெந்தால் அடைத்தால் போதும் என்கிறார் மேசன். அது சரியா?

பதில்: அடைத்தால் வெடிப்பு மறையும், விலகல் நிற்காது. வெடிப்பு மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருந்தால், கூரையின் பாரம் சுவரின் தலையை வெளியே தள்ளுகிறதா, மூலை அத்திவாரம் தாழ்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டித் திகதியையும் எழுதி, மாரி முடியும்வரை கவனியுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று கொள்ளலாம். கூரை நீரை வடிக்கும் பீலி ஒழுகி அத்திவாரத்தடியில் நீர் தேங்குகிறதா என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான்.

காரணத்தை நீக்கிய பின், கறள் பிடிக்காத உருக்குக் கம்பியைச் சுவரூடாகச் செலுத்தி, வெளியே தகடு வைத்து, உள்ளே குறுக்குச்சுவருடன் பிணைக்கலாம். உப்புக்காற்று வீசும் நம் ஊரில் சாதாரண இரும்பு கறள் பிடித்துப் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். கம்பி முனையிலுள்ள முறுக்காணியை இறுக்கிச் சுவரைப் பழைய இடத்துக்கு இழுக்க முயலவே கூடாது. இருக்கும் நிலையில் பிடித்து நிறுத்தினால் போதும். இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்புங்கள்; பழைய செங்கல்லைவிட வலிய சீமெந்து ஈரத்தை வெளியேற விடாது, கல்லின் முகமே உதிரும். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால், வேலைக்கு முன் முட்டுக் கொடுத்து, பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.