காலையில் ஒரு பக்கம் படுத்துவிடும் பென்ஸ்

கேள்வி: அப்பா ஆசையாக வாங்கிய 2012 மாடல் பென்ஸ் எஸ்350 டீசல் கார் எங்களிடம் இருக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் முன்பக்க இடது மூலை தரையோடு படுத்துக்கொள்கிறது. ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழுகிறது. கம்பெனி சர்வீஸில் கொடுக்க இப்போது வசதி இல்லை. வெளியே ஒரு மெக்கானிக், காற்றை ஏற்றும் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் காற்றால் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனையே கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்கிறார். யாரிடம் விடுவது?
– ஈரோடு வாசகர்

பதில்: அந்த இருவரில் யாராவது, காற்று எங்கே கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அதனால் இப்போதைக்கு இருவரிடமும் விட வேண்டாம்.

ஸ்டார்ட் செய்ததும் கார் எழுகிறது என்றால் கம்ப்ரஸர் இன்னும் வேலை செய்கிறது. ஒரு மூலை மட்டும் இறங்குவதால் காற்று அந்தப் பக்கம்தான் கசிகிறது. சக்கரத்தின் மேல் காற்று நிரம்பி நிற்கும் ஏர் ஸ்ட்ரட்டின் ரப்பர் மடிப்பில் வெடிப்பு இருக்கலாம், மேலே குழாய் சேரும் இடம் தளர்ந்திருக்கலாம், சில சமயம், ஒவ்வொரு மூலைக்கும் காற்றைப் பிரித்துவிடும் வால்வ் பிளாக்கும் காரணமாகும். சோப்பு நுரை குமிழி விடும் இடம் உண்மையைச் சொல்லிவிடும். அந்தக் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்தது. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடினால் சூடேறிக் கருகும், அதற்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயும் ஒட்டிக்கொள்ளும்.

என் அக்கா வீட்டு மாமாவின் காரில் இதை நேரில் பார்த்தேன். நான் ஊரில் இல்லாத சமயம், ஓர் ஒர்க்‌ஷாப்பில் புதுக் கம்ப்ரஸர் போட்டுப் பில் கொடுத்தார்கள். நான்கே மாதத்தில் அதுவும் போனது. வீட்டு வாசலில் வைத்து நுரை தெளித்தேன். ஸ்ட்ரட்டின் கீழ் மடிப்பில் குமிழி குமிழியாக வந்தது. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் மாமா இரண்டு கம்ப்ரஸருக்குப் பணம் கட்டினார். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதனால் முதலில் ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுங்கள்: கோளாறைக் கண்டுபிடிப்பது. அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள். பென்ஸுக்கு உரிய எக்ஸென்ட்ரி ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். பொதுவான சின்ன ஸ்கேனர் இன்ஜின் கோளாறைப் படிக்கும், சஸ்பென்ஷன் யூனிட்டோடு பெரும்பாலும் பேசாது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகமும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

அப்புறம், அவருக்குப் பென்ஸ் வேலை தெரியுமா என்று பார்க்க, உங்கள் காரில் உள்ள ஓஎம்642 என்ற வி6 டீசல் இன்ஜினைப் பற்றியும் பேச்சுக் கொடுங்கள். அதில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் சீல் கசிவது பிரசித்தம். சீல் என்னவோ கைக்கடக்கமான சின்னப் பொருள்தான், ஆனால் அது இன்ஜினின் இரண்டு வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டையும் இறக்கினால்தான் கை எட்டும். இந்த வேலையைச் செய்தவர், நீங்கள் கேட்காமலேயே, “இப்போது ஊதா நிறத்தில், சூடு தாங்கும் வைட்டன் ரப்பர் சீல் வருகிறது, அதைத்தான் போட வேண்டும், அவ்வளவையும் இறக்கும்போது மற்ற கேஸ்கெட்டையும் மாற்றிவிடலாம்” என்பார். “எல்லா வண்டியும் பார்ப்போம் சார்” என்று மட்டும் சொல்பவரிடம் தைரியமாக மாருதியை விடுங்கள். அதில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம்.

ஸ்பிரிங் போடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா ஆசைப்பட்டு வாங்கியதே அந்த மிதக்கும் ஓட்டத்துக்காகத்தானே? ஒரு மூலை கசிவுக்காக நான்கு மூலையையும் இழக்க வேண்டாம்.

வேலை பார்க்கக் காரைக் கோவைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் பிளாட்பெட் வண்டியில் ஏற்றுங்கள். படுத்த நிலையில் ஓட்டினால் ரப்பர் மடிப்பு நசுங்கும், டயர் ஃபெண்டரில் உரசும். ஜாக்கி போடுவதற்கு முன் காரின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ லெவலிங்கை நிறுத்துகிறார்களா என்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: பிஎம்டபிள்யூ 320டி வைத்திருக்கிறேன். தெருமுனைக் கடையில் பேட்டரி மாற்றலாமா?
– சேலம் வாசகி

பதில்: பேட்டரியை மாற்றக் கடைக்காரருக்குத் தெரியும், மாற்றியது காருக்குத் தெரியாது. புது பேட்டரி வந்ததைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்றே நினைத்துச் சார்ஜ் ஏற்றும், புதியதன் ஆயுள் குறையும். கடைக்காரரிடம் போனிலேயே “ரிஜிஸ்டர் செய்து தருவீர்களா?” என்று கேளுங்கள். “அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைங்க” என்றால் அடுத்த கடைக்குப் பேசுங்கள்.