வெளியே வைத்தால் கருகுகிறது, உள்ளே வைத்தால் உதிர்கிறது: பெரணிக்கு எவ்வளவு வெளிச்சம்?

கேள்வி: முப்பது தொட்டிகளில் பாஸ்டன் பெரணி வளர்க்கிறேன். மேலே 50 சதவீத நிழல்வலை போட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக இலைகள் வெளிறி, ஓரம் கருகுகின்றன. வெயில்தான் காரணம் என்று நினைத்து நான்கு தொட்டிகளைக் கூடத்துக்குள் வைத்தேன். பத்தே நாளில் சிற்றிலைகள் பொலபொலவென்று கொட்டிவிட்டன. உரக்குறைவா, பூச்சியா? பக்கத்தில் இருக்கும் வேறொரு பெரணியின் இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகளும் வரிசையாகத் தெரிகின்றன.

பதில்: புள்ளியை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதைப் பார்த்துப் பயந்து பலர் மருந்து அடித்து நல்ல இலையைக் கெடுத்துவிடுகிறார்கள். இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். நடு நரம்புக்கு இருபுறமும் அளந்து வைத்ததுபோல ஒழுங்காக இருந்தால் அவை வித்துக்கூடுகள். பெரணி பூக்காது, காய்க்காது; இப்படித்தான் பெருகும். முற்றிய கூட்டைச் சுரண்டினால் தூளாக உதிரும். செதில் பூச்சியாக இருந்தால் தண்டிலும் நரம்பிலும் தாறுமாறாக ஒட்டியிருக்கும், நகம் பட்டால் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வரும், இலையிலும் பிசுபிசுப்பு இருக்கும். நீங்கள் சொல்வது வித்துக்கூடுதான் என்று தெரிகிறது. மருந்து வேண்டாம்.

மற்ற இரண்டு தொல்லைக்கும் காரணம் வெளிச்சம். வெளியே இருப்பவற்றுக்கு அது கூடுதல். உள்ளே போனவற்றுக்கு மிகக் குறைவு, அதுவும் ஒரே நாளில் குறைந்துவிட்டது.

நம் கண் இதில் பெரிதாக ஏமாற்றும். கூடத்துக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே கண் பழகிவிடுவதால், நல்ல வெளிச்சம்தானே என்று தோன்றும். அளந்து பார்த்தால் கதை வேறு. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். மேகமில்லாத உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஜன்னலை ஒட்டி ஆயிரம், இரண்டாயிரம் இருக்கலாம். கூடத்தின் நடுவே பெரும்பாலும் 100 முதல் 300 வரைதான். பாஸ்டன் பெரணி செழித்து வளர 15,000 முதல் 30,000 லக்ஸ் வேண்டும்; ஜன்னலோர வெளிச்சத்தில் செழிக்காவிட்டாலும் தாக்குப்பிடிக்கும். உங்கள் 50 சதவீத வலைக்குக் கீழே நண்பகலில் 50,000 விழுகிறது. அங்கிருந்து தூக்கிக் கூடத்தில் வைத்தபோது, செடிக்கு வெளிச்சம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

ஓர் இலை எந்த வெளிச்சத்தில் விரிகிறதோ, அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடிதான் அதன் உடம்பு அமையும். நல்ல வெளிச்சத்தில் விரிந்தது தடிப்பாகவும் நிழலில் விரிந்தது மெல்லிசாகவும் இருக்கும். முதிர்ந்த இலையால் பிறகு தன் அமைப்பை அதிகம் மாற்றிக்கொள்ள முடியாது. இருட்டில் அது தயாரிக்கும் உணவைவிடச் செலவழிப்பது கூடிவிடும். அப்போது செடி அதைக் கழித்துவிடும். உங்கள் கூடத்தில் கொட்டியது அப்படிக் கழித்த இலைதான். மாறிய வெளிச்சத்துக்கு ஏற்ற இலை, இனி சுருண்டு முளைத்து வரும் புதுச் சுருளில்தான் கிடைக்கும்.

பெரணி காட்டுச் செடி, இருட்டு அதற்குப் பிடிக்கும் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. மரத்தடியின் மங்கலான ஒளியையும் உணரும் நியோகுரோம் என்ற புரதம் பல பெரணிகளில் உண்டு. ஆனால் அது ஒளி வரும் திசையைக் கண்டு வளைவது போன்றவற்றுக்குத்தான் உதவும். உணவு தயாரிக்கப் போதிய ஒளி விழுந்தே ஆகவேண்டும்.

இப்போது வெளித் தொட்டிகள். வலையை 75 சதவீதமாக மாற்றுங்கள். செடிக்கு மேலே நன்றாக உயர்த்திக் கட்டுங்கள். தாழ்வாக இருந்தால் சூட்டுக் காற்று உள்ளேயே தேங்கும். மேற்குப் பக்கம் ஒரு துண்டு வலையைத் தொங்கவிடுங்கள். கூரையை மட்டும் மூடிவிட்டு, மாலையில் சாய்ந்து நுழையும் வெயிலை மறந்துவிடுபவர்கள் அதிகம். வெள்ளைச் சுவரோ சிமென்ட் தளமோ அருகில் இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் ஒளியும் சூடும்கூட இலையைச் சுடும். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் பாஸ்டன் தாங்கும். கருந்தண்டும் மெல்லிய இலையும் உள்ள மெய்டன்ஹேர் பெரணி தாங்காது. மான்கொம்புப் பெரணிக்கு இன்னும் சற்று வெளிச்சம் கொடுக்கலாம்.

எளிய சோதனை ஒன்று. நண்பகலில் இலைக்கு ஒரு முழம் மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் எண்ணும்படி நிழல் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் அதிகம். கை என்று தெரிந்தும் ஓரம் மங்கியிருந்தால் சரி. நிழலே விழாவிட்டால் அந்த இடம் பெரணிக்கு ஆகாது.

வீட்டுக்குள் வைத்தவற்றை உடனே ஜன்னலோரத்துக்கு நகர்த்துங்கள். கிழக்கு ஜன்னல் முதல் தேர்வு. வடக்கு ஜன்னல் மென்மையானது என்பார்கள். ஆனால் பூமத்திய ரேகைக்கும் கடக ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் கோடையை ஒட்டிய காலத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து நேராக உள்ளே பார்க்கும். அப்போது மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள். மேற்கு ஜன்னலில் எப்போதும் திரை வேண்டும். கண்ணாடியிலிருந்து இரண்டடி தள்ளினாலே வெளிச்சம் வெகுவாக இறங்கிவிடும். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள், இல்லாவிட்டால் செடி ஒரு பக்கமாகச் சாயும். ஜன்னலே இல்லாத இடமென்றால் வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். இரவெல்லாம் எரிய வேண்டாம்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் தொட்டி மெதுவாகத்தான் காயும். வெளியே ஊற்றிய அளவையே உள்ளேயும் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் விரலுக்கு லேசாக உலர்ந்த பிறகே தண்ணீர்.

இனி எந்தத் தொட்டியை உள்ளே கொண்டுபோவதானாலும், முதல் வாரம் வெளியிலேயே இன்னும் நிழலான மூலையில் வையுங்கள். அடுத்த வாரம் தாழ்வாரம். மூன்றாவது வாரம் ஜன்னலோரம். திரும்ப வெளியே எடுக்கும்போதும் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள். உள்ளே விரிந்த மெல்லிய இலை ஒரே நாள் வெயிலில் வெளுத்துவிடும்.

கருகிய ஓரம் மீண்டும் பச்சையாகாது. முழுதும் காய்ந்த மட்டைகளை அடியோடு வெட்டுங்கள். பாதி பச்சையாக இருப்பவற்றை விட்டுவையுங்கள், புதுச் சுருளுக்கு அவைதான் சோறு போடும். புதிய இலைகள் இரண்டு மூன்று விரியும்வரை உரம் வைக்காதீர்கள். அவை அடர்பச்சையாக, சிற்றிலைகள் நெருங்கி வந்தால் அந்த இடத்திலேயே விடுங்கள். நீண்டு, இடைவெளி விட்டு வந்தால் தொட்டியை வெளிச்சத்தின் பக்கம் இன்னும் ஓரடி நகர்த்துங்கள்.