எடைக்குறைப்பு ஊசியும் தாம்பத்திய நாட்டமும்

கேள்வி: மருத்துவர் எழுதித் தந்தபடி வாரம் ஒருமுறை செமாகுளூடைடு ஊசி போட்டுக்கொள்கிறேன். எடை குறைகிறது, ஆனால் மருந்தின் அளவைக் கூட்டியதிலிருந்து தாம்பத்திய நாட்டமும் குறைந்துவிட்டது. ஊசியை நிறுத்திவிட்டு, இணையத்தில் விற்கும் ‘பக்கவிளைவே இல்லாத’ மூலிகை மாத்திரையை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010-இல் பல நாடுகளில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் மெலிவு மாத்திரைகளில் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துள்ளன. ‘வீரிய’ மாத்திரைகளின் கதையும் இதுவே: அவற்றில் மறைந்திருக்கும் சில்டெனாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மருந்து, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவரின் இரத்த அழுத்தத்தை உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறக்கிவிடும்.

உங்கள் ஊசிக்கு வருவோம். அதன் வழக்கமான பக்கவிளைவுகளில் நாட்டக்குறைவு சேர்க்கப்படவில்லை. ஆனால் அளவு கூடும் வாரங்களில் குமட்டலும் சோர்வும் மிகுவது இயல்பு. பசியே இல்லாமல் மிகக் குறைவாக உண்ணும்போது உடல் பாலின ஹார்மோன் உற்பத்தியையும் குறைத்துக்கொள்ளக்கூடும். இந்த மருந்து மூளையில் உணவின் மீதான ஈர்ப்பைத் தணிப்பதால் மற்ற ஆசைகளும் மங்கும் என்று சிலர் சொல்வது இன்னும் நிறுவப்படாத கருத்து. பருமனான ஆண்களிடம் இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு: கொழுப்புத் திசு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால், எடை இறங்கும்போது டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் உயரவே செய்கிறது.

எல்லா எடைக்குறைப்பு மருந்துகளும் ஒன்றல்ல. ஃபென்டர்மின் மாத்திரையின் விவரத்தாளில் ஆண்மைக்குறைவும் நாட்ட மாற்றமும் வெளிப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளன. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவற்றுக்கும் இந்த விளைவு உண்டு என்பதால், நீங்கள் எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு வாரம் ஊசியைத் தவிர்த்துச் சோதித்துப் பார்ப்பதிலும் பயனில்லை. உடலில் இம்மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், முற்றிலும் நீங்க ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை பிடிக்கும். சர்க்கரை நோய்க்காகவும் இதை எடுப்பவராக இருந்தால், தாமாக நிறுத்துவது சர்க்கரையை ஏற்றிவிடும். முந்தைய அளவிலேயே இன்னும் சில வாரங்கள் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காலை வேளையில் டெஸ்டோஸ்டிரோன் அளவையும், தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லலாம்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால், கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே, மருத்துவரைக் கலந்து, நிறுத்த வேண்டும்.