வீட்டின் நீளம் வசதியைச் சொல்லாது
காரைக்குடிப் பக்கம் சம்பந்தம் பேசப் போகிறீர்கள். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு, பெரிய இடம்தானா என்று கேட்கிறீர்கள். அதை வைத்துச் சொல்ல முடியாது. பர்மாத் தேக்குத் தூண், பாட்டையா பர்மாவில் தொழில் செய்த காலத்துப் பணம். 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு வரவு நின்ற குடும்பங்கள் உண்டு.

வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைக் கதவுகளைப் பாருங்கள். தனித்தனிப் பூட்டு தொங்கினால் பெரும்பாலும் தனித்தனிப் பங்கு. அப்படியே அண்ணாந்து பாருங்கள்: ஓடு நகர்ந்த இடத்தில் மழைநீர் இறங்கி, ஓட்டைத் தாங்கும் கைமரம் கறுத்திருக்கும். ஓடு மாற்றப் பங்காளிகள் எல்லோரும் பணம் போட வேண்டும். ஒருவர் இழுத்தடித்தாலும் வேலை நிற்கும். ஆக, ஒழுகும் கூரையும் ஏழ்மைக்குச் சாட்சியல்ல. பெயின்ட் இல்லாத சுவரும் அப்படித்தான், வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு அது தேவையே இல்லை.

“வீடு எத்தனை பங்கு?” என்று பெரியவர்களிடம் நேராகவே கேளுங்கள்.