வாசகர் கேள்வி: அன்றைய வறட்சியும் இன்றைய வெப்பமும்

கேள்வி: என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "வறட்சி அந்தக் காலத்திலும் வந்தது, இதெல்லாம் இயற்கை" என்கிறார். சாப்பாட்டுக் கடையில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் இன்றைய வெப்பத்துக்கு ஓசோன் ஓட்டையைக் காரணம் காட்டுகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் மகள் மட்டும் மனிதர்களே காரணம் என்கிறாள். இத்தனை பேர் சொல்வது எப்படித் தவறாகும்? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: தந்தையார் சொல்லும் வறட்சி உண்மை. 1998 ஏப்ரலில் மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 40.1 டிகிரி செல்சியஸ் பதிவானதும் எல் நினோ ஆண்டில்தான், அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி நம் பக்கம் மழை குறையும் ஆண்டில்தான். ஆனால் எல் நினோ வந்து போகும் ஒன்று. அது போன பிறகும் உலகின் சராசரி வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பாமல், பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஏறிக்கொண்டே வருவதற்கு அது காரணமாக முடியாது.

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை 1859இலேயே அறிவியலாளர் ஜான் டிண்டல் சோதனையில் அளந்து காட்டினார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காக இருந்த அந்த வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடியது யாரால் என்பதற்கும் சான்று உண்டு. பால் எடுக்க வெட்டிய மரப்பட்டையில் விழுந்திருக்கும் தழும்பைப் பார்த்தே அது தேர்ந்த கையா, புதுக் கையா என்று உங்கள் தந்தையார் சொல்லிவிடுவார். கரியமில வாயுவில் உள்ள கரிக்கும் (கார்பனுக்கும்) அப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. உயிருள்ள மரத்தில், காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன்-14 என்ற கரி வகை இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அது எஞ்சியிருக்காது. அவற்றை எரித்த புகை கலப்பதால் காற்றிலுள்ள கரியில் கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போவதை 1950களிலேயே அறிவியலாளர் ஹான்ஸ் சூஸ் கண்டறிந்தார். எரிமலைக் கரியிலும் அது இல்லையே என்று கேட்கலாம். எரிமலைகள் வெளியிடுவது மனிதர்கள் வெளியிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெயில்தான் கூடிவிட்டது என்றால் மேல் வளிமண்டலமும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது.

ஓசோன் ஓட்டை வேறு சிக்கல். அதன் தீங்கு புற ஊதாக் கதிர்களால் வருவது. ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்திய 1987இன் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின் அது மெல்ல ஆறி வருகிறது, வெப்பமோ ஏறுகிறது. இரண்டும் ஒரே காலத்தில் செய்திகளில் அடிபட்டதால் மக்கள் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

காரணத்தை அளவீடுதான் காட்டும். அதைத் தலைகளை எண்ணி முடிவு செய்ய இயலாது. மக்கள் கருத்தைப் பொறுத்தவரை, என்னை வருத்துவது வேறொன்று. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், வெப்பமாதலைத் தடுக்க மாதந்தோறும் வருமானத்தில் 1 விழுக்காட்டைத் தர 69 விழுக்காட்டினர் முன்வந்தனர். தங்கள் நாட்டில் மற்றவர்களில் எத்தனை பேர் அப்படித் தருவார்கள் என்று கேட்டபோது, அவர்களின் கணிப்பு 43 விழுக்காடாகவே இருந்தது. அக்கறை உள்ளவர்களே தங்களைச் சிறுபான்மை என்று எண்ணி வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அடுத்த முறை அந்தக் கடையில் பேச்சு எழும்போது, ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். உங்கள் மகள் நினைப்பதையே நினைப்பவர்கள் அங்கும் இருப்பார்கள் என்றே நம்புகிறேன்.