சுண்டெலியின் முகம் ஏன் குட்டையாகிறது? முக எலும்பும் மரபணுவும்: கேள்வி பதில்

மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் மண்டையோட்டை அளப்பதுதான் என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பல் மருத்துவ மாணவி: அக்கா, முகத்துக்கென்றே தனி மரபணு உண்டா?

இல்லைம்மா. முக எலும்புகள் பெரும்பாலும் நரம்பு முகட்டு செல்களிலிருந்து வருகின்றன. கருவில் நரம்புக்குழாய் மூடும் விளிம்பில் இவை பிறந்து, முகம் அமைய வேண்டிய இடத்துக்கு நகர்ந்து போகின்றன. அவை பிறப்பது, நகர்வது, பெருகுவது, எலும்பாக மாறுவது என்று எந்தக் கட்டத்தில் தடை வந்தாலும் முகத்தில் தெரியும். அந்த மரபணுக்கள் உடம்பில் வேறு இடங்களிலும் வேலை செய்பவைதான். எலும்பை உருவாக்கும் செல்கள் தோன்றத் தேவையான ரன்எக்ஸ்2 மரபணு நல்ல உதாரணம். அதன் இரண்டு பிரதிகளையும் நீக்கிய எலிகளைப் பற்றிய ஆய்வுகள் 1997-இல் வந்தன. குட்டிகளுக்கு உடம்பில் எங்குமே எலும்பு இல்லை, குருத்தெலும்புச் சட்டம் மட்டும்தான். பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் இறந்துவிட்டன. ஒரு பிரதி மட்டும் போனால் எலி பிழைக்கும், ஆனால் உச்சிக்குழி மூடத் தாமதமாகும், காறை எலும்பு குறைவளர்ச்சியாக இருக்கும். மனிதர்களிலும் இதே மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் இதே படம்தான்.

ஒரு தந்தை: என் மகனுக்கு ஏபர்ட் நோய்க்குறி, மண்டையோட்டு எலும்புகள் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும் பிறவி நோய். எலிகளில் பார்ப்பது எங்களுக்கு ஏதாவது சொல்கிறதா, மேடம்?

நான் மருத்துவர் இல்லை, சார். ஆராய்ச்சிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஏபர்ட் உள்ளவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில் இரண்டு மாற்றங்களில் ஒன்று இருக்கும். இது செல்லின் மேல் இருந்து வெளிச்செய்தியை வாங்கும் ஏற்பிப் புரதத்துக்கான மரபணு. மாற்றம் என்பது அந்தப் புரதத்தின் 252-ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டிரிப்டோஃபேன், அல்லது 253-இல் புரோலினுக்குப் பதில் ஆர்ஜினின். இரண்டையுமே சுண்டெலியில் உருவாக்கிவிட்டார்கள். அந்த எலிகளுக்கும் மண்டையோட்டுப் பொருத்து (எலும்புகளுக்கு இடையிலான இணைப்பு) சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது, நடுமுகம் குட்டையாகிறது.

பொருத்து ஒட்டியதால்தான் முகம் வளரவில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிறந்த அன்றே குட்டிகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது கதை அப்படி இல்லை. மூக்கு, அண்ணப் பகுதிகளின் வடிவம் அப்போதே மாறியிருக்கிறது, அதுவும் பொருத்து இன்னும் ஒட்டாத குட்டிகளில்கூட. ஆக, முகத்தின் குறை தலையின் குறைக்குப் பின்விளைவு மட்டும் அல்ல.

2007-இல் ஒரு குழு, இந்த ஏற்பி செல்லுக்குள் அனுப்பும் செய்தியை ஒரு வேதிப்பொருளால் தடுத்து, பொருத்து ஒட்டுவதை எலியில் தவிர்த்துக் காட்டியது. ஆனால் மருந்தைத் தாய் எலி கருவுற்றிருக்கும்போதே கொடுக்கத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கு இதை யோசிக்கும்போது பெரிய தடை அதுதான். இன்னொன்று: இந்த மாற்றம் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது புதிதாகத் தோன்றுவது. நீங்களோ உங்கள் மனைவியோ செய்த எதனாலும் வந்ததல்ல.

கணக்கு ஆசிரியர்: எலும்போடு சம்பந்தமே இல்லாத மரபணு முகத்தை மாற்றுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. பிராக்கிமார்ஃப் என்ற சுண்டெலி வகை இருக்கிறது. பழுது பாப்ஸ்2 என்ற மரபணுவில். குருத்தெலும்பின் மூலக்கூறுகளில் சல்ஃபேட்டைச் சேர்ப்பதற்கான மூலப்பொருளைத் தயாரிக்கும் நொதி அது. சல்ஃபேட் குறைந்தால் குருத்தெலும்பு நன்றாக வளராது. மண்டையோட்டின் மேற்கூரை குருத்தெலும்பிலிருந்து வருவதல்ல, ஆனால் அடித்தளம் அப்படி வருவது. அடித்தளத்தின் குருத்தெலும்புத் தகடுகள் வளர்ந்துதான் மண்டையோடு நீள்கிறது, முகமும் முன்னே தள்ளப்படுகிறது. அது நின்றாலும் மூளை வளர்வது நிற்காது. முன்பின்னாக இடமில்லாததால் மண்டையோடு அகலமாக, உருண்டையாக உப்புகிறது, முகம் குட்டையாகிறது. கூரை எலும்பு எதிலும் நேரடிப் பழுது கிடையாது. படத்தில் மாறியிருக்கும் எலும்பைப் பார்த்து "இதில்தான் கோளாறு" என்று முடிவுகட்டும் கட்டுரைகள் இன்னும் வருகின்றன. படிக்கும்போது எரிச்சலாக இருக்கும்.

எலி வளர்ப்பவர்: என் எலிக்கு முன்பல் வாய்க்கு வெளியே வளைந்து வருகிறது. மரபணுவா?

இருக்கலாம், ஆனால் அடிபட்டாலும் இப்படி ஆகும். கொறிவிலங்குகளின் வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளரும்; மேலும் கீழும் உரசித்தான் தேயும். மேல்தாடை குட்டையானால் பல் சந்திக்காது. எங்கள் குட்டைமூக்கு எலிகளுக்குப் பல்லை வெட்டிவிட்டு மென்மையான தீனி தருவோம். நீங்களே வெட்டாதீர்கள், கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஆய்வு மாணவர்: ஒரே மரபணு மாற்றம், ஆனால் முடிவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுகிறதே?

எலியின் வம்சத்தை, அதாவது அது எந்த ஆய்வக எலி வகையில் பிறந்தது என்பதைப் பாருங்கள், தம்பி. டிசிஓஎஃப்1 மரபணுவின் ஒரு பிரதி இல்லாமல், சி57பிளாக்6 வம்சப் பின்னணியில் வரும் குட்டிகள் முகம் மோசமாகச் சிதைந்து பிறந்தவுடன் இறக்கின்றன. டிபிஏ வம்சத்தில் அதே மாற்றம் இருந்தும் எலி பிழைத்து ஓடுகிறது. மனிதர்களில் முக எலும்புகள் சரியாக வளராத டிரீச்சர் காலின்ஸ் நோய்க்குறிக்குக் காரணமான மரபணு இது. அந்த நோயிலும் ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒருவருக்குக் கடுமையாகவும் இன்னொருவருக்குக் கண்டுபிடிக்க முடியாத அளவு லேசாகவும் இருப்பதுண்டு. வம்சப் பெயரை எழுதாத முடிவை நான் நம்புவதில்லை.

அதே மாணவர்: உயிரோடு இருக்கும் எலியை அளக்கலாமா?

மயக்க மருந்து கொடுத்து மைக்ரோ சிடி (எக்ஸ்ரே மூலம் எடுக்கும் நுண்ணிய ஸ்கேன்) எடுக்கலாம். வாராவாரம் எடுக்க ஆசை வரும். கதிர்வீச்சின் மொத்த அளவு கூடினால் அதுவே வளர்ச்சியைக் குறைத்துவிடும். ஸ்கேன் எடுக்காத உடன்பிறப்புகளையும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.