தூக்கத்தில் வெட்டிவெட்டி இழுப்பது: குலசேகரம் சகோதரிக்கு

சகோதரி, நாற்பது வயதுக் கணவர் தூக்கத்தில் விறைத்து வெட்டுகிறார், காலையில் நாக்கில் கடிகாயம், அவருக்கு எதுவும் நினைவில்லை என்கிறீர்கள். கெட்ட கனவு என்று விடாதீர்கள், வலிப்பாக இருக்கலாம். இந்த வயதில் புதிதாக வந்தால் காரணம் தேடியே ஆகவேண்டும்: சர்க்கரை, சோடியம் குறைவு, மூளையில் கட்டி, நாடாப்புழுக் கட்டி, குடியைத் திடீரென நிறுத்தியது என்று பலதும் உண்டு.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு இந்த வாரமே போங்கள். நீங்களும் கூடப் போகணும். பார்த்த சாட்சி நீங்கள்தான். மறுபடி வந்தால் போனில் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி. மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. நார்மல் என்று வந்தாலும் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. தூங்கவைத்து எடுக்கச் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ.யும் கேட்கலாம். மேல் பரிசோதனை வேண்டுமென்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரியில் வலிப்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் பிடிக்க மாமியார் கொடுக்கும் சாவி வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108.

ரப்பர் பால்வெட்டுக்கு இருட்டிலேயே எழும்புகிறவர் என்றீர்களே, தூக்கக்குறைவே வலிப்பைத் தூண்டும். டாக்டர் சொல்லும்வரை பைக்கை அவர் தொடக்கூடாது, குளத்தில் தனியே குளிக்கவும் விடாதீர்கள்.